பி.டி. மாஸ்டரின் இடுப்பு

பி.டி. மாஸ்டர் படுக்கையறைத் தரையில் தவழும் குழந்தையைப் போல இருந்தார். வலது கை முன்னால் நீண்டிருந்தது. இடது கால் பின்னால் நீண்டிருந்தது. பார்த்துப் பார்த்து அந்த நேரத்தில்தானா அவர் மனைவி கதவைத் திறக்க வேண்டும்?

"என்னங்க பண்றீங்க?"

"செருப்பைத் தேடறேன். கட்டிலுக்கு அடியில போயிடுச்சு."

"அதுக்குக் காலை எதுக்குத் தூக்கறீங்க?"

"பேலன்ஸ்."

அவள் உடனே போகவில்லை. நீண்டிருந்த கையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"உங்ககிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"எதைப் பத்தி?"

"ஒண்ணுமில்ல."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சந்தேகப்பட்டுவிட்டாள். இனி மோப்பம் பிடிக்காமல் விடமாட்டாள்.

எல்லாம் அந்த இரும்பு பீரோவால் வந்த வினை. ஜன்னலை மறைக்கிறது, எதிர்ச் சுவருக்கு நகர்த்தலாம் என்றாள் மனைவி. கூடவே, ஆள் கூப்பிடலாம் என்றும் சொன்னாள்.

"ஆளா? நான் எதுக்கு இருக்கேன்? பள்ளிக்கூடத்துல அத்தனை பிள்ளைங்களுக்கும் உடம்பை எப்படி வெச்சுக்கணும்னு சொல்லித் தர்றவன் நான்."

"சொல்லித் தர்றது வேற, தூக்கறது வேற. சரி, ஒரு பக்கம் நீங்க பிடிங்க, மறுபக்கம் நான் பிடிக்கறேன். பாதியில விட்டுட்டு ஓடக்கூடாது."

"யாரு ஓடறான்னு பாத்துடலாம்."

பீரோ நகர்ந்தது. இருவரும் கோப்பை வாங்கியவர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் ஒற்றைக் காலில் நின்று பேன்ட்டை மாட்டப் போனவருக்குப் பெல்ட்டுக்குக் கீழே, இடது பக்கக் குழியில், யாரோ ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகியது போல இருந்தது.

மனைவியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குத் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை. காலையில் அவளுக்குத் தெரிகிற சங்கதி, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஹெட்மாஸ்டர் காதுக்குப் போய்விடும். ஹெட்மாஸ்டரோ, "விளையாட்டு விழா டிரில்லுக்குச் சின்ன வயசுக் கோச் ஒருத்தரைப் பாக்கலாமா?" என்று ஏற்கெனவே நூல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று மனைவி சொல்வாளே, அதைக் கேட்க மாஸ்டருக்குத் தெம்பில்லை.

ஆகவே, மத்தியான இடைவேளையில் ஒருவருக்கும் தெரியாமல் மருந்துக் கடை மாடியிலிருந்த பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனார். இடுப்பு வலிக்காரர்களுக்கான இடத்தை மாடியில் வைத்த புண்ணியவானைப் படிக்குப் படி வாழ்த்திக்கொண்டே ஏறினார்.

பிசியோ டாக்டரம்மா அவரைக் குப்புறப் படுக்க வைத்து, கட்டை விரலால் அந்தக் குழியில் அழுத்தினாள்.

"இங்கயா?"

மாஸ்டர் விசில் இல்லாமலே விசில் அடித்தார்.

"இது முதுகெலும்பு இல்ல சார். முதுகெலும்போட அடிப்பகுதி இடுப்பு எலும்போட சேர்ற மூட்டு. கொஞ்சம் இறுகிப் போயிருக்கு. கையால இளக்கிவிடறது என் வேலை. மறுபடி இறுகாம பாத்துக்கறது உங்க தசைங்களோட வேலை. அதுக்குப் பயிற்சி பண்ணணும்."

"பயிற்சியா? எனக்கா? நான் பி.டி. மாஸ்டர்மா."

"அப்ப ரொம்ப ஈஸி. முட்டிக்கு நடுவுல தலகாணியை வெச்சு அமுக்குங்க."

அமுக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு ஒருக்களித்துப் படுக்க வைத்து, தோளை ஒரு பக்கமும் இடுப்பை ஒரு பக்கமும் பிடித்து, மூச்சை விடச் சொல்லி ஒரு தள்ளு தள்ளினாள். 'டொக்' என்று சத்தம் கேட்டது. உயிர்தான் போய்விட்டது என்று நினைத்தார். எழுந்து நின்றால் வலி பாதியாகியிருந்தது.

வீட்டில் செய்ய, தவழ்வது போல இருந்து ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டும் பயிற்சி ஒன்றையும் சொல்லிக் கொடுத்தாள். அதைச் செய்யும்போதுதான் பிடிபட்டார்.

அன்று காலை டிபனுக்கு உட்காரும்போது போன் அடித்தது. டாக்டரம்மா! மாஸ்டர் அவள் எண்ணை 'மோட்டார் ரிப்பேர்' என்று பதிந்து வைத்திருந்தார். மனைவி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். எடுக்காவிட்டால் வம்பு, எடுத்தாலும் வம்பு.

"சொல்லுங்க... ஆமா, இப்பவும் சத்தம் வருது... இல்ல, ஓட்டும்போது இல்ல, உக்காந்து எந்திரிக்கும்போது... சரி, வரேன்."

"யாரு?"

"மோட்டார் ரிப்பேர்காரர்."

"மோட்டார் எப்பங்க உக்காந்து எந்திரிச்சுது?"

"அது... அவங்க பாஷை."

"நம்ம தண்ணி மோட்டார் நல்லாத்தானே ஓடுது?"

"எங்க ஓடுது? ரெண்டு நாளா மக்கர் பண்ணுது."

சொன்னதை மெய்யாக்க வேண்டுமே! அவள் குளிக்கப் போன சமயம் கீழே இறங்கி, மோட்டார் ஒயர் ஒன்றைக் கழற்றிவிட்டார். சும்மா கழற்றினால் போதாதா? பதற்றத்தில் இழுத்ததில் ஒயர் அடியோடு கையில் வந்துவிட்டது. மேல் தொட்டியிலும் தண்ணீர் அடியில்தான் இருந்ததால், பாத்ரூமில் தண்ணீர் நின்றது. சோப்பு நுரையோடு மனைவியின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

உண்மையான மோட்டார் ரிப்பேர்காரர் நாளைக்குத்தான் வர முடியும் என்றார். அதுவரை கீழ்க் குழாயிலிருந்து வாளியில் சுமந்தாக வேண்டும்.

மாஸ்டர் வாளியைத் தூக்கினார். இடுப்பு 'வேண்டாம்' என்றது. மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால் மீசையை முறுக்கிக்கொண்டு ஏறினார். அவளும் ஒரு வாளியோடு பின்னால் வந்தாள். படித் திருப்பத்தில் நின்றுவிட்டாள்.

"என்ன, முடியலையா?" என்றார் மாஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"யாருக்கு முடியல? செடி வாடியிருக்கான்னு பாத்தேன். நீங்க ஏன் நிக்கறீங்க?"

"உனக்காகத்தான் நிக்கறேன்."

"எனக்காக யாரும் நிக்க வேணாம். நடங்க."

நடந்தார். கடைசிப் படியில் இடது கால் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. வாளி சாய்ந்து, தண்ணீர் அருவியாய் இறங்கி, கீழ்வீட்டுக்காரர் காயவைத்திருந்த துணியை எல்லாம் நனைத்தது. அவர் வெளியே வந்து கத்தினார். மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சுவரை விட்டால் விழுந்துவிடுவார்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் டிரில் ஒத்திகை. ஹெட்மாஸ்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இடது கால் முன்னே!" என்று கத்தினார் மாஸ்டர். பிள்ளைகள் கால்கள் எல்லாம் முன்னே போயின. அவருடையது மட்டும் போகவில்லை.

"மாஸ்டர், உடம்புக்கு ஏதாவது?"

"ஒண்ணுமில்ல சார். தப்பாப் பண்ணினா எப்படி இருக்கும்னு பிள்ளைங்களுக்குக் காட்டினேன்."

ஹெட்மாஸ்டர் தலையை ஆட்டினார். நம்பிய ஆட்டமாகத் தெரியவில்லை. நாளைக்கும் இப்படி நின்றால் விசில் வேறொருவர் கழுத்துக்குப் போய்விடும்.

ஒத்திகை முடிந்ததும் நேரே கிளினிக்குக்கு ஓடினார், அதாவது நொண்டினார். வழக்கமாக மத்தியானம் வருபவர், சாயங்காலம் வந்தது அதுதான் முதல் தடவை. மனைவிக்கு இன்றும் ஆபீஸில் ஓவர்டைமாம். வீட்டில் கேள்வி கேட்க ஆளில்லை.

டாக்டரம்மா அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, திரையை இழுத்துவிட்டு, தோளையும் இடுப்பையும் பிடித்தாள்.

"மூச்சை விடுங்க சார்."

அப்போது வெளியே ஒரு குரல் கேட்டது. "டாக்டர் உள்ளயா இருக்காங்க?"

மாஸ்டர் மூச்சை விடவில்லை. உலகத்தில் எந்த மூலையிலும் அவர் அடையாளம் கண்டுகொள்ளும் குரல் அது.

"ஐயோ, பின்னாலயே வந்துட்டா! டாக்டரம்மா, நான் இங்க இல்லன்னு சொல்லிடுங்க."

"அசையாதீங்க சார், பாதியில இருக்கேன்!"

அசைந்தார். மறுபக்கமாக உருண்டு இறங்கப் பார்த்தவர், தலையணையோடு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சொருகிக்கொண்டார். எழுந்திருக்கத் திரையைப் பிடித்தார். திரை கம்பியோடு கழன்று தலையில் விழுந்தது.

துணியை விலக்கிப் பார்த்தால், எதிரில் மனைவி.

கண்கள் விரிந்திருந்தன. வாய் திறந்திருந்தது. மாஸ்டருக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை.

"எனக்கு இடுப்பு வலி. பீரோ தூக்கினதுலேர்ந்து. செருப்பு காணாமப் போகல. மோட்டார் ஒயரைப் பிடுங்கினதும் நான்தான். வாளி தூக்க முடியல, டிரில் எடுக்க முடியல. நீ அப்பவே சொன்னே, நான் கேக்கல. போதுமா? இப்ப சிரி. ஊரெல்லாம் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். 

"ஏதாவது சொல்லேன்மா. பயமா இருக்கு."

அதற்குள் ரிசப்ஷனில் இருக்கும் அம்மாள் கையில் சுடுதண்ணீர்ப் பையோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, இங்க நின்னுட்டீங்க? அடுத்த கட்டில்ல உங்க தலகாணியைப் போட்டாச்சு. தினமும் மாதிரி வீட்டுக்காரருக்குத் தெரியாம போய்ச் சேரணும்னா சீக்கிரம் வந்து படுங்க!"