இடிக்குது அண்ணனும் ஆறு மணிக் காரும்

கம்ப்யூட்டர் வாங்க வருபவரை வாங்கவிடாமல் திருப்பி அனுப்பியே ஒரு கம்ப்யூட்டர் கடையை நடத்துகிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் முத்தியால்பேட்டையில் இருக்கிறார். பெயரைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. அவர் மனைவிக்கே இப்போது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். ஊருக்கு அவர் இடிக்குது அண்ணன்.

எதைக் காட்டினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "எங்கியோ இடிக்குதே" என்பார். உலகத்தில் எந்த வேலையும் ஏதோ ஓர் இடத்தில்தான் தேங்குகிறது, அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாக ஓடும் என்பது அவர் கட்சி. மார்க்கெட் பக்கம் ஒரு டிபன் கடையில் காலைக் கூட்டம் தாங்காமல் இரண்டாவது தோசைக்கல் போட்டார்கள். அப்படியும் கூட்டம் குறையவில்லை. அண்ணன் அரைமணி நேரம் சாப்பிடாமல் நின்று பார்த்துவிட்டு, "கல்லு ரெண்டு ஆச்சு. சட்னிக் கரண்டி ஒண்ணுதானே இருக்குது?" என்றார். இன்னொரு கரண்டி வாங்கினார்கள். அன்றிலிருந்து அவருக்கு அங்கே ஒரு வடை இலவசம். ஒருமுறை காலாப்பட்டு பஸ்ஸில் ஏறி, ஜனங்கள் ஒரே கதவில் ஏறி இறங்குவதால்தான் வண்டி லேட்டாகிறது என்று கண்டக்டருக்குப் பாடம் எடுத்திருக்கிறார். கண்டக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவரைப் பின்கதவு வழியாக நடுவழியில் இறக்கிவிட்டார்.

அவர் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோ. நான் அங்கே எடிட்டர். எங்கள் முதலாளிக்குப் பளபளப்பு என்றால் உயிர். ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி வந்தார். செங்கல் கனம். மாட்டியதும் பெட்டிக்குள்ளே சிவப்பு, பச்சை, ஊதா என்று திருவிழா நடந்தது. ஆனால் வீடியோ நகர்ந்தால்தானே! முன்பு எப்படித் திக்கித் திக்கி ஓடியதோ, இப்போதும் அப்படியே, வண்ண வெளிச்சத்தில் ஓடியது.

அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா முதலாளி, மாப்பிள்ளைக்குத் தங்கச் சங்கிலி போட்டுட்டு வேட்டி எடுக்காம வுட்டுட்டீங்களே! ஹார்ட் டிஸ்க் பழசு, மெமரி பத்தல. அது மெதுவா எடுத்துக் குடுத்தா, இவ்ளோ பெரிய கார்டு கையக் கட்டிக்கினு நிக்காம இன்னா பண்ணும்?"

"யோவ், என் பொட்டியப் பத்தி நீ பேசாத. போ!"

அதோடு மூன்று மாசம் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் ஆயுத பூஜை வந்தது. முதலாளி பெட்டி முழுக்கச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் சுற்றினார். காற்று போகிற ஓட்டை ஒன்றுவிடாமல் அடைபட்டது. அன்றுமுதல் அது மாவு மில் போலக் கத்த ஆரம்பித்தது.

அப்போதுதான் ரேவதி கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பாரீஸில் வேலை. பெண்ணின் அப்பா பழைய மில் தொழிலாளி. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். போனிலாவது காட்டலாம் என்று மாமா ஒருவர் வீடியோ கால் போட்டார். முகூர்த்த நேரத்தில் மாமாவுக்கு உணர்ச்சி பொங்கி, போன் பிடித்த கையோடு கும்பிட்டுவிட்டார். தாலி கட்டும்போது அப்பா பார்த்தது மண்டபத்து ஃபேனை.

பதினோரு மணிக்கு ரேவதி கூறைப் புடவையோடு ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள்.

"ஆறு மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் கார் வருதுக்கா. அப்பா பக்கத்துல உக்காந்து, அவுரு பாத்ததுக்கு அப்புறந்தான் நான் ஏறுவேன். ஃப்ளைட் போனா போவட்டும்."

அவள் சொன்ன தோரணையில் எனக்கும் வீம்பு ஏறிக்கொண்டது. செய்து காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்தேன். மூன்று கேமரா, நாற்பது நிமிஷப் படம், இருப்பதிலேயே பெரிய சைஸ், வானத்திலிருந்து ரோஜா இதழ், தாலி கட்டும் இடத்தில் ஸ்லோமோஷன், மேலே ஒரு பாட்டு. ஒரு மணிக்கு முடித்து, துண்டுகளையெல்லாம் ஒரே படமாக மெஷின் சேர்த்துத் தரும் ரெண்டர் பட்டனை அமுக்கினேன். திரையில் வந்தது: மீதம் ஆறு மணி நாற்பது நிமிஷம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளி என் முகத்தைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், எழுந்து இரண்டு கடை தள்ளிப் போனார். மூன்று மாச ரோஷத்தை அவர் விட்டது அந்த நிமிஷம்தான்.

அண்ணன் வந்து பெட்டியைத் தொட்டதும் "அய்யோ, ஜுரம் அடிக்குது" என்றார். சந்தனத்தைச் சுரண்டினார். ஃபேனுக்குள்ளிருந்து காய்ந்த சாமந்தி வந்தது. கடற்காற்று உப்பில் ஒரு மெமரிப் பட்டை வேலையே செய்யாமல் இருந்தது. சட்டைப் பையிலிருந்து பள்ளிக்கூடத்து அழிரப்பரை எடுத்துத் தேய்த்தார், அதற்கு உயிர் வந்தது. கடைசியில், அந்தத் திருவிழாக் கார்டுக்கு வேலை கொடுக்கும் செட்டிங்கை நான் போடவே இல்லை என்பதையும் கண்டுபிடித்தார். மானம் போயிற்று. திரையில் மீதம் மூன்றரை மணி நேரமாக இறங்கியது. கடிகாரத்தில் அப்போது மணி இரண்டு. ஐந்தரைக்குப் படம், ஆறுக்குக் கார்.

"இன்னும் இடிக்குதே" என்றவர், சட்டென்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேகமான டிஸ்க் ஏதோ கொண்டுவரப் போகிறார் என்று நினைத்தோம். முக்கால்மணி கழித்து வெறுங்கையோடு வந்தார்.

"எங்கய்யா போன?"

"ஆஸ்பத்திரிக்கு."

முதலாளி அடிக்கவே போனார். அண்ணன் அசையவில்லை. பையிலிருந்து ஒரு டீக்கடைக் காகிதத்தை எடுத்துப் படித்தார்.

"கான்ஃபிகரேஷன் எழுதியாந்திருக்கேன், கேளுங்க. டிஸ்ப்ளே: கண்ணுல புரை, கையில கீறல் வுழுந்த சின்ன போன். ஆடியோ: எடது காது மட்டுந்தான் கேக்குது, பாட்டு போட்டா பேச்சு புரியாது. பேட்டரி: பத்து நிமிஷத்துக்கு மேல நிமிந்து உக்கார முடியாது. இம்மாம் பெரிய படத்த எந்த மெஷினுக்கும்மா செய்யிற? பாக்கறவரு யாருன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எங்களில் யாருக்கும் அது தோன்றவேயில்லை. நான் ரெண்டரை நிறுத்தினேன்.

நாற்பது நிமிஷம் ஒன்பது நிமிஷமானது. ரோஜா இதழ் போயிற்று, ஸ்லோமோஷன் போயிற்று, முகங்கள் பெரிதாயின. கடைசியாகப் பாட்டை எடுத்தேன். மேளம் அடங்கிய இடத்தில், மாப்பிள்ளை சட்டையில் மாட்டியிருந்த சின்ன மைக்கில் ஒரு குரல் கேட்டது. மாமாவின் போனைப் பார்த்து ரேவதி சொல்கிறாள்: "அப்பா, பாத்தீங்களா?" அதன்மேல்தான் நான் பாட்டைப் போட்டு மூடியிருந்தேன். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சின்ன சைஸில் போட்டதும் பன்னிரண்டே நிமிஷத்தில் ரெண்டர் முடிந்தது. ரேவதியையும் வரச் சொல்லிவிட்டு, நாலரை மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

ரேவதி அப்பாவின் இடது பக்கம் உட்கார்ந்து, போனை அவர் முகத்தருகே பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தாலி ஏறியது. மேளம் அடங்கியது. "அப்பா, பாத்தீங்களா?" என்றது போன்.

அவர் பக்கத்தில் இருந்த மகளைப் பார்க்கவில்லை. போனுக்குள் இருந்தவளிடம்தான் சொன்னார்.

"பாத்துட்டேம்மா. நல்லாப் பாத்துட்டேன்."

ரேவதி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வாசலில் நின்ற அண்ணனிடம் மெதுவாகப் போய், "இப்ப எங்கண்ணா இடிக்குது?" என்று கேட்டேன். பேச வாயெடுத்தவர், முடியாமல் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

இப்போதெல்லாம் எங்கள் ஸ்டூடியோ ஆயுத பூஜையில் மெஷின்களுக்கு முன்னால் முதல் பொட்டு அவருக்குத்தான். முதலாளியே வைக்கிறார். "மூக்குல பூசிடாதீங்க முதலாளி, காத்து போவணும்" என்று அண்ணன் வருஷம் தவறாமல் சொல்கிறார். வருஷம் தவறாமல் நாங்கள் அதைக் கேட்கக் காத்திருக்கிறோம்.