ஹோர்ண் ரீச்சரும் ஓமந்தை முறிகண்டியும்

கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் ஹோர்ண் ரீச்சருக்கு வழிவிடாத மாடு இன்னும் பிறக்கவில்லை. மாட்டுக்கு ஹோர்ண் அடிப்பார், ஆட்டுக்கு அடிப்பார், ஓரமாக நிறுத்தி வைத்த லொறிக்கும் அடிப்பார். ஒருமுறை வளைவில் நின்ற பாலை மரத்துக்கும் அடித்தார். ஏன் என்று கேட்டேன். "அது என்ன நினைச்சுக்கொண்டு நிக்குதெண்டு எனக்கென்ன தெரியும்?" என்றார்.

அவர் என் சொந்த அக்கா. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொல்லி வீடு கேட்டால் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. ஹோர்ண் ரீச்சர் என்றால் கோழியும் வழிகாட்டும்.

கார் ஒரு பழைய ஏ-40. சண்டைக் காலத்தில், பெற்றோலுக்குத் தடை இருந்தபோது, அதை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, குழந்தைக்குப் பருக்குவதுபோல் எஞ்சினுக்குப் பருக்கிக் கிளப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். நிறைமாதக்காரிகளை அந்தப் புகைக்குள் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்திருக்கிறார். "என்ரை காரிலை ஏறின ஒருத்தியும் வழியிலை பெறேல்லை" என்பது அவருடைய பெருமை. பயத்தில் பிள்ளை வெளியே வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

வயது எழுபத்தைந்தைத் தாண்டியது. கண் மங்கத் தொடங்கியது. அதை ஒத்துக்கொள்ளவில்லை. ரோட்டில் வெள்ளைக் கோட்டைச் சரியாகப் போடவில்லை என்பார். கனடாவிலிருக்கும் மகள் போனில் கெஞ்சிப் பார்த்தாள்.

"அம்மா, காரை வித்துப்போட்டு ஓட்டோவிலை போங்கோவன்."

"நான் இப்பவே விடுவன் பிள்ளை. ஆனா உன்ரை மாமாவை ஆர் கிளினிக்குக்குக் கொண்டுபோறது? அவன் பாவம், தனிய போகமாட்டான்."

அந்தப் பாவம் நான்தான். எனக்குக் கார் ஓடத் தெரியாது. மாதாமாதம் வவுனியாவில் இருதயக் கிளினிக். ஒழுங்கை முகப்பில் பஸ் ஏறினால் வவுனியாவில் இறங்கலாம். ஆனாலும் அக்காவின் காரில்தான் போவேன். பஸ்ஸில் போகிறேன் என்று நான் சொல்லிவிட்டால் அவருக்குக் கார் ஓட வேறு காரணமே இருக்காது. ஆகவே பழுதான இருதயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வந்தேன்.

எங்கள் பக்கத்தில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்த வாகனமும் தாண்டாது. பஸ்ஸோ லொறியோ, நின்று, தேங்காய் உடைத்து, ஒரு கடதாசிச் சரை வறுத்த கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டுதான் புறப்படும். அக்கா போகும்போதும் உடைப்பார், வரும்போதும் உடைப்பார்.

போன வருடம் ஒருநாள் வவுனியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஓமந்தையில் அக்கா திடீரென்று ஹோர்ணை அடித்துக் காரை ஓரங்கட்டினார்.

"பாத்தியே, இண்டைக்கு எவ்வளவு கெதியா முறிகண்டிக்கு வந்திட்டன்!"

முறிகண்டிக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. நான் வாய் திறக்குமுன் பின் சீற்றிலிருந்த தேங்காயோடு இறங்கிவிட்டார். அங்கே வாழை கட்டியிருந்தது, சனம் கூடியிருந்தது, கற்பூரமும் எரிந்தது. அக்கா நேரே நடுவில் போய் ஓங்கி ஒரு அடி. தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. கண்ணை மூடித் தலையில் குட்டி, தோப்புக்கரணமும் போட்டார். நிமிர்ந்து பார்த்தால் முன்னால் பிள்ளையார் இல்லை, அடுக்கி வைத்த ரயர்கள். அன்றைக்குத்தான் திறக்கிற ரயர் கடை. நல்ல நேரத்துக்குக் காத்திருந்த முதலாளி தன் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப்போய் நின்றார்.

நல்ல மனுசன். "பரவாயில்லை அம்மா, உங்கடை கையாலை உடைஞ்சது கடைக்கு நல்லது" என்று சிரித்தபடி மோதகமும் தந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. காருக்குள் வந்து, எஞ்சினைக் கிளப்பத் திறப்பைப் போடாமல் இருந்தார்.

"இது முறிகண்டி இல்லையெண்டு உனக்குத் தெரிஞ்சதே?"

"ஓம் அக்கா."

"எனக்குத் தெரியேல்லையடா. அவ்வளவு சனமும் எனக்கு நிழல் மாதிரித்தான் தெரிஞ்சுது. ஒரு குழந்தை குறுக்கை வந்திருந்தா?"

அக்கா இறங்கினார். திறப்பைக் கடை மெக்கானிக்கிடம் கொடுத்து, எங்களைக் கொண்டுபோய் விடச் சொன்னார். அன்று ஒரு ஹோர்ண் சத்தமும் இல்லாமல் வீடு வந்தோம். அந்த அமைதி எனக்குத் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் வளவுக்குள் போய் அழுதேன்.

அடுத்த கிளினிக்குக்கு நான் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டால், வாசல் படலையில் அக்கா சேலை உடுத்து, குடையும் கையுமாக நிற்கிறார்.

"உங்களுக்கு ஏன் அக்கா இந்த அலைச்சல்?"

"நீ தனிய போகமாட்டாய். நட."

அன்றிலிருந்து இருவரும் பஸ்ஸில்தான். சாரதிக்குப் பின்னால் இருந்து, "தம்பி, மாடு! ஹோர்ணை அடி!" என்று கத்துவார். "அம்மா, அது மைல் கல்லு" என்பார் சாரதி. "கல்லெண்டாலும் அடிச்சு வை" என்பார் அக்கா. இப்போது கொண்டக்டர் அந்த இடத்தில் வேறு ஆட்களை இருக்க விடுவதில்லை.

போன மாதம் டொக்டர் என்னைச் சோதித்துவிட்டு, "ஐயா, இனி இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. கிளிநொச்சியிலேயே மருந்து எடுக்கலாம்" என்றார். வெளியே நோயாளர் இருக்கும் வாங்கில் அக்கா என் தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"என்னவாம்?"

"அடுத்த மாசமும் கட்டாயம் வரட்டாம் அக்கா" என்றேன்.