பல்வலி இல்லை அக்கா, பாடினேன்

என் பக்கம் நியாயம் இல்லாதபோதும் என் பக்கமே நிற்கும் அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், வீட்டுக்காரி, மகள் மூவரும் சுகம். என் மானம் மட்டும் படுத்த படுக்கையாகக் கிடந்து, இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பேப்பரில் வந்த என் படத்தைப் பார்த்துவிட்டு, பல்வலியா, டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டிருந்தாய். பல்வலி இல்லை அக்கா. அது நான் பாடும்போது எடுத்தது.

நம் குட்டி ஒரு சினிமாவுக்குப் போட்ட இசைக்குத் தேசிய விருது என்று செய்தி வந்ததும், கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, விருதுப் பத்திரத்துக்கு ஒரு ஃபிரேம் செய்து கடைச் சுவரில் மாட்டிவிட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கண்ணாடி. வருகிறவர்கள் அதில் தலை சீவிக்கொண்டு போனார்கள். ஃபிரேம் கடைக்காரனுக்கு இசையைப் பற்றி என்ன தெரியும்? அந்த சினிமாவில் பாட்டே கிடையாது என்பதுகூட எனக்குத் தியேட்டரில்தான் தெரிந்தது. "பாட்டு எப்ப வரும், பாட்டு எப்ப வரும்?" என்று நான் நச்சரித்து, முன் வரிசைக்காரர் திரும்பி முறைத்த பிறகு, வீட்டுக்காரிதான் விளக்கினாள். ஒருத்தி கதவைத் திறக்கும்போதும், பஸ்ஸில் உட்கார்ந்து அழும்போதும் பின்னால் மெல்ல ஓடுகிறதே, அதற்குத்தான் விருதாம்.

அப்புறம் பேப்பர்காரர் ஒருவர் கடைக்கு வந்து, "உங்க பொண்ணுக்கு இந்த ஞானம் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கடவுள் கொடுத்தது என்றாவது சொல்லியிருக்கலாம். "எங்கேருந்து வரும்? என்கிட்டேருந்துதான். கண்ணாடி வெட்டும்போது நான் முனகுற மெட்டுதான் சார் அது" என்றேன். பாடிக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதுதான் உன் பல்வலிப் படம்.

'மெட்டு அப்பாவுடையது' என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. அன்றைக்கே விருதுக் குழுவிலிருந்து ஃபோன். சொந்தமாக, புதிதாகப் போட்ட இசைக்குத்தான் அந்த விருதாம். வேறொருவர் மெட்டு என்றால் கிடையாதாம். பெற்ற தகப்பனும் வேறொருவர்தானாம். இரண்டு பேரும் நேரில் வந்து விளக்க வேண்டுமாம். குட்டி ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு வருஷமாகச் சோறு தண்ணி மறந்து உழைத்த பிள்ளை, அக்கா. "நீங்க முனகுறதை நான் எப்பப்பா கேட்டேன்? நான் ஹெட்ஃபோன் மாட்டப் பழகினதே அதுக்காகத்தானே" என்றாள். வீட்டுக்காரி, "என்னையும் கூட்டிட்டுப் போங்க. கல்யாணமான நாள்லேருந்து கேட்டுட்டு உசிரோட இருக்கேன், நானே சாட்சி சொல்றேன்" என்றாள்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். குழுவின் முன்னால் வேண்டுமென்றே கண்றாவியாகப் பாடிவிடுவது. இவனுக்கும் இசைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கடைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். சுருதியை அந்தப் பக்கம் தள்ளினேன், தாளத்தை இந்தப் பக்கம் இழுத்தேன். பக்கத்துக் கடைச் சாவிக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, இன்னைக்குக் குரல் கொஞ்சம் நல்லா இருக்கே" என்றார். அவருக்கு இசை தெரியாது.

போனோம். நீள மேஜை, பின்னால் மூன்று பேர், மூவருமே பெரிய வித்துவான்கள். குட்டியின் இசையைப் போட்டுக் கேட்டார்கள். நடுவில் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப நீங்க முனகினதைப் பாடுங்க ஐயா" என்றார். பாடினேன். மகளுக்காக என் மானத்தை அந்த மேஜையில் வைத்தேன், அக்கா. வெளியே நின்ற காவலாளி கதவைத் திறந்து, "யாருக்காவது முடியலையா?" என்று கேட்டார்.

"போதும் ஐயா" என்றார் அந்த அம்மா.

"இன்னும் பாதி இருக்குங்க."

"வேண்டாம். இது முழுக்க முழுக்க உங்க பொண்ணோட சொந்த இசை. உங்க பங்கு துளியும் இல்லை." பிறகு குட்டியிடம் குனிந்து, "எப்படிம்மா தப்பிச்சே?" என்றார்.

விருது கைக்கு வந்துவிட்டது. பத்திரம்தான் என் ஃபிரேமைவிடப் பெரிதாக இருக்கிறது. ஓரத்தைக் கொஞ்சம் வெட்டலாமா என்று கேட்டேன். வீட்டுக்காரியும் மகளும் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. மாமாவுக்கு என் வணக்கம். உன் பேரப்பிள்ளைகள் நூறு வயது இருக்கட்டும், கொஞ்சம் சுருதியோடு இருக்கட்டும்.

உன் தம்பி

பின்குறிப்பு: திரும்பி வரும்போது பஸ்ஸில் குட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக வேணும்னேதானேப்பா அப்படிப் பாடினீங்க?" என்று கேட்டாள். தலையை ஆட்டிவிட்டேன். வாயைத் திறந்து சொல்லாததை உனக்கு மட்டும் எழுதுகிறேன், கிழித்துப் போட்டுவிடு. அந்த மூன்று பேரைப் பார்த்ததும் நான் பழகியதெல்லாம் மறந்துவிட்டது. இவ்வளவு பெரியவர்கள் முன்னால் இனி எப்போது பாடப் போகிறோம் என்று ஆசை வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, மனசு நிறைய, சுத்தமாகப் பாடினேன். அதைவிட நன்றாக எனக்குப் பாட வராது, அக்கா.