அமுக்கரா பற்றி ஒரு பதினோரு நாள் கண்டுபிடிப்பு

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு அறிவியல் கண்டுபிடிப்புச் செய்திருக்கிறேன். அது பதினோரு நாட்கள் உயிரோடு இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அதை அடக்கம் செய்தோம். (வந்தவர்களுக்கு இட்லியும் காபியும் கொடுத்தோம். அந்த வகையில் குறை ஒன்றும் இல்லை.)

1997-ல் நான் புனேயில் எம்.எஸ்ஸி. தாவரவியல் கடைசி வருடம். அறிவு முழுக்க என்னிடம்தான் இருக்கிறது, மற்றவர்கள் எல்லாம் அதைக் கேட்டுப் போக வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. ஆய்வுக்கு அமுக்கராவை எடுத்துக்கொண்டேன். வடக்கே அஸ்வகந்தா என்பார்கள். அதன் வேர்தான் மருந்து. ஒரே மண்ணில் உரம் போட்டால் வேர் எவ்வளவு வரும், போடாவிட்டால் எவ்வளவு வரும் என்று பார்ப்பது என் வேலை.

கல்லூரியில் செடி வளர்க்க ஒரு வலைக்கூடம் இருந்தது. அந்த வருடம் ஜூன் மாதக் காற்றில் அதன் கூரை பிய்ந்து பக்கத்துக் கட்டடத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. என் வழிகாட்டியான தேஷ்பாண்டே மேடம், "வீட்டில் மொட்டைமாடி இருந்தால் அங்கேயே வைத்துக்கொள்" என்றார்.

போபோடியில் எங்களுடையது சின்ன வீடு. ஆனால் மொட்டைமாடி தாராளம். முப்பத்தாறு தொட்டிகள், மூன்று வரிசை. முதல் வரிசைக்குத் தண்ணீர் மட்டும். இரண்டாவதற்குத் தொழுஉரம். மூன்றாவதற்கு யூரியா. உரம் போடாத வரிசையோடு ஒப்பிட்டுத்தான் மற்ற இரண்டையும் அளக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு 'கன்ட்ரோல்' என்று பெயர். அந்தப் பன்னிரண்டு தொட்டிகளிலும் சிவப்புப் பெயின்ட்டில் பெரிதாக அதையே எழுதினேன்.

தொட்டிகளை மேலே தூக்கி வந்தது அப்பா. கட்கியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, அதற்கு முந்தைய வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து இருபத்தாறு வயதில் வந்தவர். வேலை பார்த்த காலத்தில் பாதி லேத் மெஷின் முன்னால், மீதி தொழிற்சங்கத்தின் முன்னால். கேன்டீன் டீயில் பால் குறைந்தால் அப்பா, மழைக்கோட்டு ஒரு ஷிப்டுக்கு மட்டும் வந்தால் அப்பா. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் கோரிக்கை வைக்க ஆளில்லாமல் திண்டாடினார். அம்மாவிடம் ஒருமுறை முயன்று பார்த்துப் பின்வாங்கினார்.

கடைசித் தொட்டியை இறக்கிவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த ரெண்டு வரிசைக்கும் எரு கீது, யூரியா கீது. இதுக்கு இன்னாம்மா?"

"ஒண்ணும் இல்லப்பா. வெறும் தண்ணி."

"ஏன், இது இன்னா தப்பு பண்ணிச்சு?"

நான் அவருக்கு ஆராய்ச்சி முறைகளைப் பற்றி இருபது நிமிடம் வகுப்பெடுத்தேன். பாதி ஆங்கிலம், கால் இந்தி, மிச்சம் கை ஜாடை. அவர் பொறுமையாகக் கேட்டார். "செரி, படிச்சவ நீ" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். எதிர்ப்பு ஒன்றும் இல்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். (முப்பத்திரண்டு வருடம் அவரோடு பேச்சுவார்த்தை நடத்திய அதிகாரிகளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், 'செரி' என்று அவர் சொன்னால் அன்றைக்குத்தான் பயப்பட வேண்டும் என்று.)

முதல் இரண்டு மாதம் கன்ட்ரோல் வரிசை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. வெளுத்து, குட்டையாக, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிற பிள்ளை மாதிரி. செப்டம்பரில் தலை நிமிர்ந்தது. தீபாவளிக்கு மற்ற இரண்டு வரிசையையும் எட்டிப் பிடித்தது. டிசம்பரில் இலைகள் கரும்பச்சையாகி, கிளை விட்டு, ஒரு அதிகார தோரணையே வந்துவிட்டது.

எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்ததோ கர்வம்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டைமாடியில் ஒரு வாடை அடிக்கும். பக்கத்து வீட்டுச் சமையல் என்று நினைத்தேன். தெருவில் உள்ள பூனைகள் எல்லாம் முதல் வரிசையை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தன. அதை என் குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: 'உரமிடாத அமுக்கராச் செடியின் வாசனை பூனைகளை ஈர்க்கிறது. மேலும் ஆராயப்பட வேண்டும்.' அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.

ஜனவரியில் ஒவ்வொரு வரிசையிலும் பாதிச் செடிகளைப் பிடுங்கி, வேரைக் கழுவி, காயவைத்து, எடை போட்டேன். கன்ட்ரோல் வரிசையின் வேர்கள் இரண்டாம் வரிசையைவிடக் கனம். யூரியா வரிசை பக்கத்திலேயே வர முடியவில்லை. மூன்று முறை எடை போட்டேன். தராசு மேல்தான் சந்தேகம் வந்ததே தவிர, வீட்டு ஆட்கள் மேல் வரவில்லை.

மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அறுவடைக்குப் பிறகு மண்ணைச் சோதித்தாயா?"

விதைப்பதற்கு முன்னால் சோதித்தது போதும் என்றேன். போதாது என்று எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்திலேயே இருக்கும். எனக்கு அவசரம். ஒரு பெரிய உண்மை என் கையில் துடித்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் துறைக் கருத்தரங்கு. வெளியிலிருந்து ராணடே சார் வந்திருந்தார். மருத்துவச் செடிகள் பற்றிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் மூத்த விஞ்ஞானி. உதவித்தொகையோடு ஒரு ஆய்வாளர் இடம் அவரிடம் காலியாக இருந்தது. எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் அந்த இடத்தின் மேல் கண். நான் மேடையேறி வரைபடங்களைக் காட்டினேன். பசித்த மண்ணில் வேர் உணவு தேடி ஆழமாகப் போகிறது என்றேன். எங்கும் கிடைக்காததால் தனக்குள்ளேயே சேமிக்கிறது என்றேன். முடிக்கும்போது குரலைத் தாழ்த்தி, "வறுமைதான் இந்தச் செடியின் உரம்" என்றேன். (ஆமாம், சொன்னேன். கண்ணாடி முன் நின்று நான்கு நாள் ஒத்திகையும் பார்த்திருந்தேன்.)

கைதட்டினார்கள். ராணடே சார் எழுந்து, "ரொம்பப் புதிதாக இருக்கிறது. மிச்சமுள்ள செடிகளை நேரில் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அந்த இடத்தைப் பற்றிப் பேசலாம்" என்றார். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. சாதித்தவர்கள் நின்றுகொண்டு வருவதுதான் பொருத்தம் என்று தோன்றியது.

கருத்தரங்கு முடிந்த பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, மேடமும் ராணடே சாரும் வந்தார்கள். அம்மா இட்லி வைத்து, காபி கொடுத்தாள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவர்களை மாடிக்கு அழைத்துப் போனார், தொழிற்சாலைக்கு மந்திரி வந்தால் எப்படிப் போவாரோ அப்படி.

ராணடே சார் முதல் வரிசை முன்னால் உட்கார்ந்தார். இலையைத் தடவினார். மண்ணில் இரண்டு விரலை விட்டுக் கிளறினார். வெள்ளையாக ஏதோ ஒரு துண்டு வந்தது.

"இது என்ன?"

அது முட்டை ஓடு. எனக்கே தெரிந்தது. ஆனால் பதினோரு நாளாகப் பெரிய விஞ்ஞானியாக வாழ்ந்தவளுக்கு அவ்வளவு சீக்கிரம் இறங்கி வர முடியவில்லை. "சுண்ணாம்புக் கட்டி சார். நம்ம பக்கத்துக் கரிசலில் இருக்கும்" என்றேன்.

அவர் மறுபடி கிளறினார். இந்த முறை ஒரு மீன்முள் வந்தது. தலையிலிருந்து வால் வரை, ஒரு முள்கூட உடையாமல்.

"இது?"

"மண் ஆற்றங்கரையிலிருந்து எடுத்தது சார்" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

அதுவரை சும்மா நின்ற அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். பெண் திணறுகிறாள், நாம்தான் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பேச்சு இந்தியில் நடந்தது. தமிழில் எழுதினால் கொஞ்சம் வலி குறைகிறது, அதனால் தமிழில் எழுதுகிறேன்.

"ஆத்து மீன் இல்ல சாப். கட்கி பஜார் மீன். கழுவின தண்ணிய நான்தான் ஊத்தினேன். முள்ளும் கூட வந்திருக்கும்."

ராணடே சார் நிமிர்ந்து பார்த்தார். "எப்போது ஊற்றினீர்கள்?"

"ரெண்டு மாசம் பொறுத்துப் பாத்துட்டு ஆரம்பிச்சேன் சாப். மீனு ஞாயித்துக்கெழமை மட்டும். அரிசி கழுவின தண்ணி தெனமும், தொட்டிக்கு ஒரு டீ கிளாஸ். வாரத்துக்கு ஒரு தரம் எருமைச் சாணி கரைச்சு ஊத்துவேன், பக்கத்துத் தொழுவத்துல கேட்டு வாங்கிட்டு வந்து. முட்டை ஓடு வீட்டுக்காரி குடுப்பா. அந்த யூரியா மூட்டைய நான் தொடல சாப். அது காலேஜ் சரக்கு."

"இந்த வரிசைக்கு மட்டும் ஏன்?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே வியப்பாக இருந்தது. சிவப்பு எழுத்தைச் சுட்டிக் காட்டினார். "மத்த ரெண்டு வரிசைக்கும் மேனேஜ்மென்ட் குடுக்குது. இதுக்கு ஒண்ணுமே கெடையாது. ஒரே மாடி, ஒரே வெயிலு, வேலை மட்டும் சமமா செய்யணுமாம். கேட்டா கன்ட்ரோல்னு எழுதி வெச்சிருக்கு. எவ்ளோ நாள் சாப் கன்ட்ரோல்ல வெப்பீங்க?"

மேடம் அவசரமாகப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். ராணடே சார் சிரிக்கவில்லை. கையைத் தட்டிவிட்டு எழுந்து, என்னைப் பார்த்து மிக மரியாதையாகச் சொன்னார்.

"அப்படியென்றால் உன் கண்டுபிடிப்பு, எரு போட்டால் செடி வளரும் என்பது. இதை விவசாயிகள் உனக்குச் சற்று முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்."

காபிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆய்வாளர் இடம் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பையனுக்குப் போனது. அவன் வெந்தயம் வளர்த்திருந்தான். அவன் அப்பா வங்கியில் வேலை, பகலில் வீட்டில் இருக்க மாட்டார்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். சாயங்காலம் அப்பா வந்து கதவோரமாக உட்கார்ந்தார்.

"தப்பாப் பூட்ச்சாம்மா?"

"எட்டு மாசம்பா. எல்லாம் வீணாப் போச்சு."

"நல்லாத்தானே வளந்துச்சு."

"வளரக் கூடாதுப்பா. அது வளரக் கூடாது."

அவர் இன்னும் கொஞ்சம் அருகே நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "வளரக் கூடாதுன்னு ஒரு வேலையா. எனக்கு இது புரியல கலா. ஆனா உன்னைக் கேட்டிருக்கணும். கேக்காம செஞ்சது என் தப்பு" என்றார். அப்பா ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு அதுவரை நான் கேட்டதில்லை. கோபப்படுவதா, எழுந்து உட்காருவதா என்று தெரியாமல் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை அவரைக் காணவில்லை. என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போயிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மேடத்தின் அறையில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் அவர் இந்தியில் எழுதிய மனு. 'மாணவி குமாரி கலா மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை ரத்து செய்தல்' என்பது முதல் கோரிக்கை. (நடவடிக்கை எதையும் மேடம் அதுவரை யோசிக்கக்கூட இல்லை.) 'குற்றம் முழுவதும் கீழே கையொப்பமிட்டவருடையது' என்பது இரண்டாவது. 'மறு ஆய்வுக்கு வாய்ப்பு அளித்தல்' மூன்றாவது.

மேடம் மனுவை இரண்டு முறை படித்தார். "மூன்றாவது கோரிக்கை ஏற்கப்படுகிறது. வலைக்கூடத்துக்குக் கூரை போட்டாயிற்று. இந்த முறை இங்கே வளர்க்கட்டும். ஆனால் என்னிடமும் ஒரு நிபந்தனை இருக்கிறது" என்றார்.

நிபந்தனை அப்பாவைப் பற்றியது. மேடம் எழுதிக் கொடுத்ததை அப்பா படித்துப் பார்த்து, ஒரு இடத்தில் திருத்தம் கேட்டு, கையெழுத்துப் போட்டார்.

நான் இன்னொரு பருவம் செடி வளர்த்தேன். என் வகுப்பில் எல்லோரும் பட்டம் வாங்கிப் போன பிறகும் நான் தொட்டிகளோடு உட்கார்ந்திருந்தேன். கன்ட்ரோல் வரிசை சொன்னபடி வெளுத்துக் குட்டையாக நின்றது. வேர்கள் பென்சில் அளவுக்குக்கூட வரவில்லை. எந்தப் பூனையும் வரவில்லை. எந்தக் கைதட்டலும் கிடைக்காத, ஒழுங்கான, உண்மையான முடிவுகள். ஒரு வருடம் தாமதமாகப் பட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஹடப்சரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். விவசாயிகள் மண்ணைக் கொண்டுவந்து கொடுத்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுல யாராவது இதுல ஏதாவது ஊத்துறாங்களா?" என்பதுதான். சிலர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேர் தலையைச் சொறிந்திருக்கிறார்கள்.

வீட்டில் கதை வேறு வடிவம் எடுத்துவிட்டது. பந்தியில் ஒரு வரிசைக்குப் பாயசம் தாமதமானால், "நாங்க இன்னா கன்ட்ரோலா?" என்று எங்கள் பக்கத்து ஆட்கள் குரல் கொடுப்பார்கள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்டு, ஏதோ குறை சொல்கிறார்கள் என்று பயந்து இரண்டு வாளி கொண்டுவந்து ஊற்றினார்கள்.

ஆனால் அப்பாவிடம் யாராவது கதையைக் கேட்டால் அவர் பேசுவதில்லை. எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு போட்டோவைக் கழற்றிக்கொண்டு வருவார். கல்லூரி வலைக்கூடத்தின் வாசல். அங்கே மராத்தியில் ஒரு பலகை: 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது. மாணவர்களின் பெற்றோர் எக்காரணம் கொண்டும் வரக் கூடாது.' 'எக்காரணம் கொண்டும்' என்பது அவர் கேட்டு வாங்கிய திருத்தம். பலகைக்குப் பக்கத்தில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அப்பா.

"முப்பத்திரண்டு வருஷம் யூனியன்ல இருந்தேன்" என்பார். "மேனேஜ்மென்ட் எனக்குன்னு போர்டு வெச்சது இந்த ஒரு எடத்துலதான்."