பெந்தோங் ராஜாளி

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. கிள்ளானில் யாராவது வழி கேட்டால் போதும், கேள்விப்படாத இடத்துக்கும் கையை நீட்டிக் காட்டிவிடுவேன். (எத்தனை பேர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார்களோ!)

இந்த வாயோடுதான் பிரிக்பீல்ட்ஸில் கவிதாவைப் பெண் கேட்டுப் போனேன். அவள் அப்பா, வாரக் கடைசியானால் தொலைநோக்கியும் கையுமாகக் கழுகு பார்க்கக் கிளம்பிவிடும் மனிதர். அம்மாவோ, "நல்ல சகுனம் ஒண்ணு தெரியட்டும், அப்புறம் பேசலாம்" என்று மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"போர்ட் கிள்ளான் பருந்தெல்லாம் பார்த்துச் சலிச்சிருச்சு தம்பி. மலைக் கழுகு பார்க்க நல்ல இடம் தெரியுமா?" என்று கேட்டார் அங்கிள்.

"நமக்குத் தெரியாத இடமா அங்கிள்!" என்றேன். எனக்குத் தெரிந்த பறவை இரண்டு. ஒன்று காக்கா. இன்னொன்று கோழி, அதுவும் பொரித்த பிறகு.

மறுநாளே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலை மலையாக அலைந்தேன். கிடைத்ததெல்லாம் மேகமும் அட்டைக்கடியும்தான். கடைசியில் பெந்தோங் பக்கம், சரிவில் இருந்த ஒரு காய்கறித் தோட்டத்துக்கு மேலே, சிறகை விரித்து மிதந்துகொண்டிருந்தது ஒரு கழுகு. முருகா, பிழைத்தேன்!

அடுத்த சனிக்கிழமை காலை மூவரையும் காரில் அள்ளிக்கொண்டு போனேன். அதே இடத்தில், அதே உயரத்தில் இருந்தது. சொன்ன சொல் தவறாத கழுகு.

"ராஜாளி அங்கிள். ஆண்."

"ஆணுன்னு எப்படித் தெரியும்?"

"தனியா, நிம்மதியாப் பறக்குதே." (பக்கத்தில் ஆன்டி நிற்பதை மறந்து தொலைத்தேன்.)

அங்கிள் தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம் இல்லையா? "பத்து நிமிஷமா ஒரு தடவைகூட இறக்கை அடிக்கல பாருங்க. அதான் ராஜாளி கெத்து!" என்று மேலும் அளந்தேன்.

"கருடன்!" என்று திடீரென்று கூவினார் ஆன்டி. "சனிக்கிழமையும் அதுவுமா கருட தரிசனம்!" கன்னத்தில் பட்பட்டென்று போட்டுக்கொண்டார். எங்களையும் போட வைத்தார். "இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? தேதி வச்சிரலாம்."

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அப்போது கொட்டகையிலிருந்து வந்த சீனத் தாத்தா ஒருவர், முளையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து இழுக்க ஆரம்பித்தார். ராஜாளி தலைகுப்புறக் கீரைப் பாத்தியில் விழுந்தது. அதைத் துணியால் துடைத்து, நாலாக மடித்தார். "புருங் தாக்குட் லா, பாஸ்" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். கீரை கொத்த வரும் குருவிகளைப் பயமுறுத்தக் கட்டிய பிளாஸ்டிக் பட்டமாம்.

கவிதா ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வந்த உடனேயே எனக்குக் கயிறு தெரிஞ்சிச்சு தம்பி. நீங்க எவ்வளவு தூரம் போறீங்கன்னுதான் பார்த்தேன்" என்றார் அங்கிள்.

போச்சு, கல்யாணம் போச்சு என்று ஆன்டியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கீரைப் பாத்தியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"கன்னத்துல போட்டாச்சு. கல்லு சாமியாகலாம், பிளாஸ்டிக் ஆகக் கூடாதா? சொன்னது சொன்னதுதான்."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஆனால் அந்த வீட்டில் இன்றைக்கும் நான் எதையாவது அடித்துச் சொன்னால், மாமனார் தொலைநோக்கியை எடுத்து என் தலைக்கு மேலே பார்ப்பார். மாமியார் அடுப்படியிலிருந்தே கேட்பார்:

"கயிறு தெரியுதா?"