மீட்டர் அண்ணன் எடுத்த இண்டர்வியூ

வேலைக்கு ஆள் கேட்டுப் போனவனையே உட்காரவைத்து இண்டர்வியூ எடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். மதுரை பசுமலையில் இருக்கிறார். சினிமாவுக்கும் டி.வி. சீரியலுக்கும் லைட்மேன்களை அனுப்பிவைப்பது அவர் தொழில். சர்ச்சில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு என்று கேள்வி. எங்களுக்கு அவர் மீட்டர் அண்ணன்தான்.

லைட்மேன் வேலை கேட்டு யார் வந்தாலும் முதல் கேள்வி, "உங்க வீட்டு மீட்டர் பாக்ஸ் எங்க இருக்கு?" ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவர்கள்கூட இதில் திருதிருவென்று முழிப்பார்கள். ஒருவர், "எங்கப்பாவைக் கேட்டாத்தாண்ணே தெரியும்" என்றாராம். "அப்ப உங்கப்பாவை வரச் சொல்லுங்க, அவருக்கு வேலை தாரேன்" என்றாராம் இவர். அப்பா மறுநாளே வந்து சேர்ந்தார், நாலு வருஷம் வேலையும் பார்த்தார் என்று பசுமலையில் சத்தியம் செய்கிறார்கள்.

இதில் தேறினால் அடுத்த பரீட்சை ஃபேன். ஆபீஸ் உள்ளறையில் ஆளில்லாமல் ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். "உள்ள போயி அந்த ஸ்டூலை எடுத்துட்டு வாங்க" என்பார். போனவர் ஃபேனை அணைத்துவிட்டு வந்தால் வேலை நிச்சயம். அணைக்காமல் வந்தால் அதே ஸ்டூலில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாக வழியனுப்பிவிடுவார்.

நான் அவரிடம் போனது மூன்று வருடத்துக்கு முன்பு. பதினோரு வருஷம் சீரியல் கம்பெனிகளில் எடுபிடியாக அலைந்து, அப்போதுதான் ஒரு சென்னைப் படக் கம்பெனியில் மதுரைப் பக்கத்து மேனேஜர் ஆகியிருந்தேன். பேரையூர் பக்கம் ஒரு பழைய வீட்டில் கல்யாண சீன். "ஒருநாள் ஷூட்டிங் நின்னாலும் நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்று சென்னையிலிருந்து போனிலேயே சொல்லிவிட்டார்கள். எட்டு லைட்மேன்கள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் போய் நின்றேன்.

"வாங்க மேனேஜரே. உள்ள ஒரு ஸ்டூல் கெடக்கு, எடுத்துப் போட்டு உக்காருங்க" என்றார். நான் எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"பசங்க எங்க உக்காந்து சாப்பிடுவாங்க?"

"எடம் இருக்குற எடத்துலதாண்ணே."

"எல்லாருக்கும் மேசை போடுற எடத்துல அவங்களுக்கும் மேசை. சரி, படம் முடியும்போது பேரு வருமா?"

"'மதுரை லைட் யூனிட்'னு போட்டுருவோம்ணே."

"எட்டு ஆளு வாராங்க. எட்டுப் பேரு. இனிஷியலோட. லிஸ்டு நாந்தான் எழுதித் தருவேன், அதுல ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வேறு வழி? டீ வந்தது. அந்த ஸ்டூலில் உட்காரவைத்து டீ கொடுத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"ஆளு தாரேன். ஆனா உங்களை இன்னும் எடுக்கல. வெயிட்டிங்ல வச்சிருக்கேன்" என்றார். மேனேஜர் ஆகி ஒன்பதாவது நாளே வெயிட்டிங் லிஸ்டுக்குப் போனவன் நான்.

பேரையூரில் முதல் நாளே விவகாரம். ஹீரோயினின் அப்பாவாக நடிக்க வந்த பெரிய நடிகர் சாயங்காலம் விமானம் பிடிக்க வேண்டும். மத்தியானம் மூன்று மணிவரை ஜெனரேட்டர் வண்டி வந்து சேரவில்லை. வழியில் படுத்துவிட்டது. வீட்டுக்குள்ளே கூடம் கும்மிருட்டு.

"பெரிய லைட்டை வீட்டு லைன்லயே குடுங்க" என்றார் கேமராமேன். எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "அண்ணன் சொல்லாமக் கை வைக்க மாட்டோம் சார்" என்றான் ஒருவன். டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "இவங்களை மாத்துங்க. இல்லேன்னா நான் உங்களை மாத்திடுவேன்."

ஆட்களோடு தானும் வந்திருந்த மீட்டர் அண்ணன் லைட் பெட்டிமேல் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, என் வேலை போயிரும்ணே."

அவர் எழுந்து நேராக டைரக்டரிடம் வந்தார். "சார், இந்த வீட்டு மீட்டர் பாக்ஸ் எங்க இருக்கு?"

டைரக்டருக்குத் தெரியவில்லை. கேமராமேனுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. வீட்டுக்காரர்தான் தலையைச் சொறிந்தபடி, "அது மூட்டைக்குப் பின்னாடி இருக்குங்க" என்றார். உள்ளே போய்ப் பார்த்தோம். மரப்பலகையில் அந்தக் காலத்து மீட்டர், தோல் உரிந்த வயர். அதை ஒட்டி உத்தரம்வரை பருத்தி மூட்டைகள். கேமராமேன் வெளியே போய்த் தண்ணீர் குடித்தார்.

"கரண்டு வேணாம். வெயிலு இம்புட்டு இருக்குல்ல?" என்றார் மீட்டர் அண்ணன். "டேய் மாப்ள, தெருவுல எந்தெந்த வீட்டுல கண்ணாடி வச்ச பீரோ இருக்குன்னு கேளுங்கடா!"

அடுத்த அரைமணியில் பேரையூர்ப் பக்கம் யாரும் பார்த்திராத ஊர்வலம் ஒன்று கிளம்பியது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பீரோ. சாமானை வெளியே எடுக்க நேரமில்லை, சேலை துணிமணியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். "நகை இருக்குய்யா, நகை இருக்கு!" என்று ஒரு அம்மா பீரோவின் கைப்பிடியை விடாமல் பிடித்தபடியே கூட வந்தார். சன்னலுக்கு வெளியே நிறுத்தி, முன்காலுக்கு இரண்டு செங்கல் கொடுத்து, பீரோவைக் கொஞ்சம் மல்லாத்தி, கதவைத் திறந்து திருப்பினால் வெயில் சன்னல் வழியாகக் கூடத்துக்குள் பாய்ந்தது. உள்ளே திரைபோல விரித்துக் கட்டியிருந்த வெள்ளை வேட்டிகளில் பட்டுத் தெறித்து, கூடம் முழுக்க அப்படி ஒரு வெளிச்சம். எட்டுப் பேரும் கதவைப் பிடித்துக்கொண்டு, வெயில் நகர நகர விரற்கடை விரற்கடையாகத் திருப்பினார்கள். எங்கள் ஊர் ஆட்கள் என்று எனக்குக் கர்வமாக இருந்தது.

பீரோக்கள் மொத்தம் ஒன்பது. ஆட்கள் எட்டு.

"என்ன மேனேஜரே, வேடிக்கை பாக்குறீங்க? புடிங்க கதவை!"

பிடித்தேன். ஒரு மணிநேரம், மண்டையைப் பிளக்கும் சாய்வெயிலில், அந்த நகைக்கார அம்மாவின் காவலில். சீன் முடிந்தது. நடிகர் விமானத்தைப் பிடித்தார், என் வேலையும் தப்பியது. கேமராமேன் ஒன்பது பீரோக்களையும் போட்டோ எடுத்துக்கொண்டு, மீட்டர் அண்ணனைக் கட்டிப்பிடித்தார்.

படம் வெளியான அன்று மதுரையில் எட்டுக் குடும்பங்களையும் தியேட்டருக்குக் கூட்டிவந்திருந்தார் அவர். படம் ஓடும்போது பாதி நேரம் தூங்கினார். கதை முடிந்து ஜனங்கள் எழுந்ததும், நடைபாதையில் கையை விரித்து மறித்தார். "உக்காருங்கய்யா, இன்னும் படம் முடியல!"

பெயர்கள் ஓடின. மேனேஜர்கள் பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இல்லை. சென்னையில் யாரோ விட்டுவிட்டார்கள். பக்கத்தில் மனைவியும் மகளும் இருந்தார்கள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

அப்புறம் 'லைட்மேன்' என்று வந்தது, மீட்டர் அண்ணன் நேரே சென்னைக்கு அனுப்பிய லிஸ்டு. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு குடும்பம் விசிலடித்தது. எட்டாவது பெயருக்குக் கீழே ஒன்பதாவதாக, இனிஷியலோடு, என் பெயர்.

திரும்பிப் பார்த்தேன். நடைபாதையில் நின்றபடியே சொன்னார்: "வெயிட்டிங்ல இருந்தீங்கல்ல மாப்ள. அன்னைக்கே எடுத்துட்டேன்."

மேனேஜர் என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருக்கிறேன். ஆனாலும் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், மீட்டர் அண்ணன் எடுத்த ஆள் என்றுதான் முதலில் வாயில் வருகிறது.