மதலேனம்மாளுக்கு வைத்த பூசை

கதை எழுதுகிறவர்களைப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: "நீங்கள் எதற்காக எழுதுகிறீர்கள்?" மற்ற எழுத்தாளர்கள் மோவாயைத் தடவிக்கொண்டு சமூகம், மனசாட்சி என்று எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். நான் மட்டும் இருமுவேன். பிறகு காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த கதையை வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? இல்லாத ஒருத்தியைச் சாகடித்து, அவளுக்குப் பூசையும் வைக்கச் செய்து, நடுக்கோயிலில் மாட்டிக்கொண்டவள் நான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். காத்திருக்கிற நேரத்தில் மகத்தான எழுத்தாளராகிவிடலாம் என்று முடிவு செய்தேன். (நேரம் நிறைய இருந்தது.) மானிட குலத்தை உய்விப்பது என் லட்சியம். மானிட குலம் அப்படியொன்றும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் கன்னத்தில் கையூன்றி ஜன்னலோரம் உட்கார்ந்து தினமும் அதற்குத் தயாரானேன். என் கதைகளெல்லாம் காஷ்மீரத்தில் நடந்தன. பனிமலை, பால்நிலவு, இருமி இருமிச் சாகும் ஒரு பேரழகி. நான் அதுவரை பார்த்த பெரிய மலை பரங்கிமலைதான்.

அப்பா தியாகராய நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். கதையைக் கொடுத்தால் சிவப்பு மையோடுதான் படிப்பார்.

"'கண்ணீரை துடைத்தாள்'னு எழுதியிருக்கே பிலோ. 'த்' எங்கே?"

"போட்டுடறேம்பா. கதை எப்படி?"

"கதையா? அதை நான் கவனிக்கலையே."

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் பாதி காலியான வருஷம் அது. மயிலாப்பூரில் வரிசை வரிசையாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. பட்டப்பகலிலேயே தெருவெல்லாம் யாரோ தாலாட்டித் தூங்கவைத்தது போல் இருக்கும். அலைச்சத்தம் கச்சேரி ரோடு வரைக்கும் வந்து உலாவிவிட்டுப் போகும். என்னைப் போன்ற கனவுப் பிராணிக்கு அதைவிட நல்ல ஊர் வேண்டுமா? நாங்கள் எங்கேயும் போகவில்லை. போவதற்கு எங்களுக்கு ஊர் இல்லை. எத்தனையோ தலைமுறையாக மயிலாப்பூர் மாதா கோயிலைச் சுற்றியே பிறந்து, அந்தக் கோயிலைச் சுற்றியே புதைந்தவர்கள் நாங்கள்.

ஊரில் மிஞ்சிய பெண்களெல்லாம் புதன்கிழமை மத்தியானங்களில் கோயிலுக்குப் பின்னாலிருந்த கூடத்தில் கூடி, பட்டாளத்து ஆஸ்பத்திரிக்காகக் காயக்கட்டுத் துணி சுருட்டுவோம். தலைமை செலினம்மா. ஓய்வு பெற்ற தபால் அதிகாரியின் மனைவி. ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் கத்தரிக்கோல். இரண்டில் எதற்கு நாங்கள் அதிகம் பயந்தோம் என்று இன்றுவரை தெரியாது. துணியை வெந்நீரில் போட்டு எடுத்துக் காயவைப்பது ஞானம்மா, கடலோரக் குப்பத்துக்காரி. சுவரோரம் தனியாக உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் சுருட்டுகிறவர் ரெஜினா அக்கா. அவருடைய கணவர் சிங்கப்பூரில் கப்பல் கம்பெனி வேலையில் இருந்தார். அந்த ஊர் ஜப்பான்காரனிடம் விழுந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மத்தியானக் காற்று கூடத்துக்குள் வரும். வெள்ளைத் துணிப்பட்டைகள் மெல்ல எழுந்து எழுந்து அடங்கும். மேகத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். ஆனால் மேகத்தில் பேசுவதற்கு விஷயமில்லை. ஊரில் பாதிப்பேர் போய்விட்டார்களே, யாரைப் பற்றி வம்பு பேசுவது? இருக்கிறவர்களெல்லாம் கூடத்திலேயே இருந்தார்கள்.

அப்படி ஒரு புதன்கிழமை, தூக்கம் கண்ணைச் சொக்க, என் வாயிலிருந்து தானாக ஒரு வாக்கியம் வந்தது.

"அடையாறுல எங்களுக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க. மதலேனம்மான்னு பேரு. பாவம்."

'பாவம்' என்ற சொல்லுக்கு இருக்கும் சக்தியை அன்றுதான் கண்டேன். கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"ஏன், என்ன ஆச்சு அவங்களுக்கு?" என்றார் செலினம்மா.

என்ன ஆயிற்று என்று எனக்கு மட்டும் தெரியுமா? வாயைத் திறந்தேன், அதுவாக வந்தது. மதலேனம்மாளின் கணவர் ரங்கூனில் ஒரு மர டிப்போவில் கணக்கர். போர் அங்கே போனதிலிருந்து அவரைப் பற்றித் தகவலே இல்லை. மூன்று குழந்தைகள். ஒரு கொடுமைக்கார மாமியார். அடையாறு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் அப்போது தோப்பும் காற்றும்தான். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்?

ரெஜினா அக்கா பக்கத்திலேயே இருக்கும்போது காணாமற்போன கணவனைப் பற்றி எப்படிக் கதை கட்டினேன் என்று கேட்பீர்கள். சத்தியமாக அவர் ஞாபகமே எனக்கு வரவில்லை. மானிட குலம் முழுவதையும் உய்விக்கக் கிளம்பியவளுக்கு அதே கூடத்தில் சுவரோரம் இருந்தவர் கண்ணில் படவில்லை.

அதற்கடுத்த புதன்கிழமை நான் கூடத்துக்குள் நுழையும்போதே ஞானம்மா வழிமறித்தாள்.

"இன்னாம்மா பிலோமி, அந்தம்மா எப்டி கீறாங்க? புருசன் சேதி எதுனா வந்துச்சா?"

"இன்னும் வரலை ஞானம்மா. மாமியார் வேற நேத்து சோறு போடலை."

"அந்தக் கெய்விய எங்கைல வுடு. ஒரே வாரத்துல வயிக்குக் கொண்டாந்துடறேன்!"

புதன் தவறாமல் கதை வளர்ந்தது. பிழைகளும் வளர்ந்தன. இரண்டாவது பையன் ஒரு வாரம் சூசை, மறு வாரம் ஆரோக்கியம். நான் நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் செலினம்மாவே, "ஒண்ணு ஞானஸ்நானப் பேரு, ஒண்ணு கூப்பிடற பேரு" என்று மற்றவர்களுக்கு விளக்கிவிட்டார். கேட்கிறவர்களே பிழை திருத்திக்கொள்ளும் பாக்கியம் எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்?

விஷயம் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எனக்கே மதலேனம்மாள் தென்பட ஆரம்பித்தாள். மீன் கடையில் பேரம் பேசுகிறவளின் முதுகு அவளுடையதாக இருந்தது. மணிச்சத்தம் கேட்டால், இப்போது அவள் பிள்ளைகளை முழங்காலில் நிறுத்திச் செபம் சொல்லவைப்பாள் என்று தோன்றியது. ஒருநாள் அவளுக்கு ஒரு வீடு பார்ப்பதற்காக நிஜமாகவே அடையாறுக்குப் போனேன். பாலத்தின் நடுவில் வெகுநேரம் நின்றேன். ஆறும் கடலும் சேருமிடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பளபளத்துக்கொண்டிருந்தது. பாலம் கடந்ததும் தென்னந்தோப்பு. அதன் ஓரத்தில் நீல ஜன்னல் வைத்த ஓட்டுவீடு. கொடியில் சின்னச் சட்டை ஒன்று காற்றில் கைவீசிக் கூப்பிட்டது. 'இதுதான்' என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேலிப்படலைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். "யாரும்மா வேணும்?"

"மதலேனம்மா இருக்காங்களா?"

"அப்படி யாரும் இங்க இல்லையேம்மா."

இல்லை என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. (வீட்டில் இதைச் சொல்லும்போது இந்த இடத்தில் என் கணவர் எப்போதும் மோரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்.)

வினை செலினம்மாவின் நல்ல மனசு வழியாக வந்தது. ஒரு புதன்கிழமை கூடத்தின் மூலையில் அரிசி மூட்டை, பழந்துணி, ஒரு தொட்டில் எல்லாம் இருந்தன. "நாளைக்கு ஜட்கா வண்டி சொல்லியிருக்கேன் பிலோ. மதலேனம்மா வீட்டுக்கு நீதான் வழி காட்டணும். அந்த மாமியாரையும் நான் ஒரு பார்வை பார்க்கணும்" என்றார்.

ஒரு கணம் யோசித்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். ஆனால் நான் எழுத்தாளர். சிக்கலான கதையை முடிக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி.

"மதலேனம்மா செத்துட்டாங்க!" என்றேன்.

நிமோனியா என்றேன். சொந்த ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்றேன். பிள்ளைகளை மாமியார் கூட்டிப் போய்விட்டாள், வீட்டையும் பூட்டியாயிற்று என்றேன். ஜப்பான்காரனுக்கு வாய்க்காதது எனக்கு வாய்த்தது: ஒரே மூச்சில் அடையாறைக் காலி செய்துவிட்டேன்.

கூடம் முழுக்க அழுதது. ஞானம்மா தலையில் அடித்துக்கொண்டாள். செலினம்மா பட்டாளத்துத் துணியிலேயே மூக்கைச் சிந்தினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. காஷ்மீரத்தில் அத்தனை பேரழகிகள் செத்தார்கள், ஓர் ஈ அழவில்லையே!

அப்போதுதான் சுவரோரத்திலிருந்து ரெஜினா அக்கா பேசினார். அவர் குரலையே நான் மறந்திருந்தேன்.

"அவசரப்பட்டுட்டாங்களே. அவரு திரும்பி வந்து கதவைத் தட்டினா யாரு தொறப்பாங்க?"

அவர் மறுபடி சுருட்ட ஆரம்பித்தார். ஆனால் துணி கையில் நிற்காமல் அவிழ்ந்து அவிழ்ந்து தரையில் ஓடியது. அத்தனை வாரமும் அவர் எதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் உள்ளத்துக் குளிர்ச்சியெல்லாம் வற்றிவிட்டது.

"சாமியார்கிட்ட சொல்லி அவங்க ஆத்துமத்துக்கு ஒரு பூசை வச்சுடலாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் செலினம்மா.

சனிக்கிழமை காலை பூசை. அம்மாவும் அப்பாவும் வழக்கம்போல் வந்திருந்தார்கள். கோயில் நடுவில் கறுப்புத் துணி போர்த்திய, சவப்பெட்டி மாதிரியான வெறும் மரச்சட்டம், சுற்றிலும் மெழுகுவர்த்திகள். உடல் இல்லாத பூசைக்கு அப்படித்தான் வைப்பார்கள். ஆனால் இந்தத் தடவை போல எங்குமே உடல் இல்லாத பூசை அதுவரை நடந்திருக்காது.

"யாருக்குடி பூசை?" என்று அம்மா காதைக் கடித்தாள். நான் பீடத்தைப் பார்த்தேன். தூபப்புகை மேலே போய் வண்ணக் கண்ணாடி வெளிச்சத்தில் நீலமும் சிவப்புமாகக் கரைந்தது. இது கனவாகவே இருந்துவிடக்கூடாதா என்று மாதாவிடம் கேட்டேன். மாதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுப்பு உடுப்பில் பங்குச் சாமியார் வந்தார். ஜனங்கள் பக்கம் திரும்பி, "அடையாறு மதலேனம்மாளின் ஆத்தும இளைப்பாற்றிக்காக..." என்றார். பெண்கள் பக்கத்தில் ரெஜினா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"சாமி! மதலேனம்மா சாகலை!"

கோயிலே திரும்பியது. "சேசு மரி சூசையே!" என்று செலினம்மா கையை மேலே தூக்கினார். "சர்வேசுரனுக்குத் தோத்திரம்! சாகலையா?"

"சாகலை."

"பொழச்சுட்டாங்களா?"

"இல்லைங்க... அவங்க பொறக்கவே இல்லை."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி போட்டு என்னைப் பார்த்தார். நான் அப்போதும் நான்தான்.

சாமியாருக்கு வயசானாலும் புத்தி நிதானம். "மெழுகுவர்த்தி ஏத்தியாச்சு" என்றார். "நினைக்க ஆளில்லாத ஆத்துமாக்கள் எத்தனையோ இருக்கு. அவங்களுக்கு ஒப்புக்கொடுக்கிறேன். நீ பூசை முடிஞ்சு என்னை வந்து பாரும்மா."

போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த மாமியார்?"

"அவங்களும் இல்லை சாமி."

சாமியார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அவளை மனசுல வச்சுத்தானே போன ஞாயித்துக்கிழமை பிரசங்கமே வச்சேன்! கோயில்ல இருக்கிற மாமியாரெல்லாம் என் மேல கோவமா இருக்காங்க."

கச்சேரி ரோடு வழியாக வீட்டுக்கு நடந்தோம். அம்மா வாயால் சொல்ல முடிந்ததையெல்லாம் சொன்னாள். அப்பா எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "வாயால சொன்னது. அதான் சந்திப் பிழை இல்லை" என்றார். அவர் என் கதையைக் கவனித்தது அதுதான் முதல் தடவை.

செலினம்மா அரிசியையும் தொட்டிலையும் ரங்கூனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த ஒரு நிஜக் குடும்பத்துக்குக் கொடுத்தார். என்னைக் கூடத்துக்கு வரவேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். நானும் இனி எழுதுவதில்லை என்று காஷ்மீரத்தையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது. நிலவு மட்டும் கொஞ்சம் புகைந்தது.

அன்று சாயங்காலம் கொல்லைப்பக்கம் ரெஜினா அக்கா வந்து நின்றார். நான் எழுந்து, "மன்னிச்சிடுங்க அக்கா" என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும். அவரு வந்தாரா?"

"யாரு?"

"மதலேனம்மா வீட்டுக்காரரு."

"அக்கா, அதான் எல்லாம் பொய்யுன்னு..."

"எனக்குத் தெரியும். எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்" என்றார். "அவரு வந்தாரா, இல்லையா?"

வந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. அத்தனை வாரம் தண்ணீர் பட்ட பாடாக வந்த பொய் அந்த முகத்துக்கு முன்னால் வர மறுத்தது. வரவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. ஒரு வாக்கியத்தைக் கண்டு நான் பயந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

"தெரியலை அக்கா. எழுதிப் பார்த்தாத்தான் தெரியும்."

அவர் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்தார். "சரி, எழுது. நான் புதன்கிழமை வரேன். அவசரப்பட்டு மட்டும் யாரையும் சாகடிக்காதே."

மதலேனம்மாள் மறுபடி பாலத்தைக் கடந்து வந்தாள். இந்தத் தடவை காகிதத்தில். நான் மானிட குலத்தை உய்விப்பதை விட்டுவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக எழுதி, புதன்கிழமைதோறும் படித்துக் காட்டினேன். இது கட்டுக்கதை என்று முதல் வரியிலேயே தெரிந்தும், மதலேனம்மாள் அரிசி களையும்போது அக்காவின் கை லேசாக அசையும். அந்தக் கை அசையாத இடங்களை மறுநாள் அடித்துவிட்டு எழுதுவேன். எதற்காக எழுதுகிறேன் என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் அவ்வளவுதான். பேட்டிக்கு அது போதாது.

போர் முடிந்த பிறகு ரெஜினா அக்காவின் கணவர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். நான் எழுதியதால் அல்ல, கப்பல் வந்ததால். இருந்தாலும் அக்கா எனக்கு ஒரு டப்பா நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினார்.

எங்கள் வீட்டில் அதற்கப்புறம் ஒரு வழக்கம் வந்துவிட்டது. நான் யாருடைய சாவுச் செய்தியைச் சொன்னாலும், முதலில் ஒரு விசாரணை நடக்கும். அம்மா ஆரம்பித்து வைத்தாள், என் கணவர் பிடித்துக்கொண்டார், இப்போது பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். செலினம்மா தொண்ணூறு தாண்டி இறந்த அன்று செய்தி கேட்டு ஓடிவந்து, மூச்சு வாங்க, "செலினம்மா போயிட்டாங்க" என்றேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார்:

"பொறந்தாங்களா?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டி, நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பொறந்தாங்க" என்றேன். "நல்லாவே பொறந்தாங்க. கிளம்புங்க, எடுக்கறதுக்குள்ள போகணும்."